குடியை நிறுத்த ஒரு கூட்டம்

"நாளையிலிருந்து தொடமாட்டேன்."

குடிப்பவர் இருக்கும் வீட்டில் இந்தச் சொல்லைப் பலமுறை கேட்டிருப்பார்கள். குழந்தையின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்வார். கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வார். அன்று அவர் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே நிறுத்த நினைக்கிறார். ஆனால் மூன்றாம் நாள் சம்பளம் வருகிறது. கால் கடைப் பக்கம் திரும்பிவிடுகிறது.

இன்னொன்றையும் எல்லோரும் பார்த்திருப்போம். ஒருவர் சபரிமலைக்கு மாலை போடுகிறார். ஒரு மண்டலம் முழுவதும் ஒரு சொட்டும் தொடுவதில்லை. மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றுகிறார். அந்த வாரமே மறுபடி குடிக்கிறார். ஊர் சிரிக்கிறது.

சிரிப்பதை விட்டு யோசித்துப் பாருங்கள். அத்தனை நாள் அவரால் எப்படி முடிந்தது? பக்தி ஒரு காரணம். மற்றொரு காரணமும் உண்டு. அவரைச் சுற்றி மற்ற சாமிகள் இருந்தார்கள். காலையில் சேர்ந்து குளித்தார்கள். மாலையில் சேர்ந்து பஜனை செய்தார்கள். "வா, ஒரு கட்டிங் போடலாம்" என்று அவரை யாரும் கூப்பிடவில்லை. மாலையைக் கழற்றியதும் அந்தக் கூட்டம் கலைந்தது. அவர் தனியானார். பழைய கூட்டாளிகள் வந்து சேர்ந்தார்கள்.

குடியை நிறுத்த விரும்புவோருக்கு, கலையாத ஒரு கூட்டம் இருந்தால் எப்படி இருக்கும்? அப்படி ஒன்று இருக்கிறது. பெங்களூருவில் இருக்கிறது. தமிழிலும் நடக்கிறது. ஆனால் அதற்குப் போகும் முன் ஒரு முக்கியமான எச்சரிக்கை.

திடீரென்று நிறுத்தலாமா?

எப்போதாவது குடிப்பவர் நிறுத்தினால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பல வருடங்களாகத் தினமும் குடிப்பவர் விஷயம் வேறு. காலையில் எழுந்ததும் கை நடுங்கி, அந்த நடுக்கம் நிற்கவே ஒரு மடக்கு குடிப்பவர்கள் உண்டு. இவர்களின் மூளையும் நரம்பும் மதுவுக்குப் பழகிவிட்டன. மது கிடைக்காவிட்டால் அவை கொந்தளிக்கும்.

நிறுத்திய சில மணி நேரத்தில் கை நடுங்கும். வியர்க்கும். வாந்தி வரும். தூக்கம் வராது. முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார். யாரோ கொல்ல வருகிறார்கள் என்று ஓடுவார். இதைப் பார்த்துவிட்டுப் பேய் பிடித்தது என்று மந்திரிக்கக் கூட்டிப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இது பேய் அல்ல. இது உயிருக்கு ஆபத்தான நிலை. உடனே 108க்குப் போன் செய்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஆகவே தினமும் நிறையக் குடிப்பவர் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும். சில நாள் மாத்திரை கொடுப்பார்கள். வைட்டமின் பி1 ஊசி போடுவார்கள். உடம்பு அமைதியாகும். "நீ ஆம்பிளையாக இருந்தால் இன்றே நிறுத்து" என்று அறையில் பூட்டி வைப்பது வைத்தியம் அல்ல.

பெங்களூருவில் இதற்குப் பெயர் பெற்ற இடம் நிம்ஹான்ஸ். ஓசூர் சாலையில், கித்வாய் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஊர்க்காரர்கள் பலருக்கு அது 'பைத்தியக்கார ஆஸ்பத்திரி'. அந்தப் பெயருக்குப் பயந்தே பலர் போவதில்லை. இது வீண் பயம். குடிநோய்க்கும் மற்ற போதைகளுக்கும் அங்கே தனிப் பிரிவு உண்டு. வந்துபோய்ச் சிகிச்சை பெறலாம். தேவைப்பட்டால் தங்கியும் பெறலாம். ரேஷன் அட்டையை எடுத்துப் போங்கள். ஏழைகளுக்குக் கட்டணச் சலுகை உண்டா என்று அங்கேயே கேளுங்கள்.

ஆஸ்பத்திரியில் உடம்பு தேறிவிடும். வீட்டுக்கு அனுப்புவார்கள். வரும் வழியில் எத்தனை கடை! கர்நாடக அரசு 2007 ஜூலை 1 முதல் சாராய விற்பனையை நிறுத்தியது. பாக்கெட் சாராயம் போயிற்று. அதன் இடத்தில் மலிவு விலை மது சின்ன அட்டைப் பெட்டிகளில் வந்துவிட்டது. 2008 மே மாதம் கள்ளச்சாராயம் குடித்து, பெங்களூருவைச் சுற்றியும் எல்லை தாண்டிக் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் 150 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். சரக்கில் மெத்தனால் என்ற விஷம் கலந்திருந்தது. கடையை மூடினாலும், குடித்தே தீரவேண்டும் என்ற நோய் மூடிக்கொள்வதில்லை.

இதைச் சொல்வதால் கடையை மூடப் போராடியவர்களைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். ஆந்திராவில் நெல்லூர் மாவட்டம் தூபகுண்டா கிராமத்துப் பெண்கள் எழுத்தறிவு வகுப்பில் படித்தவர்கள். குடியால் கெட்ட குடும்பத்தைப் பற்றிய பாடத்தைப் படித்தார்கள். 'இது நம் கதை ஆயிற்றே' என்று எழுந்தார்கள். ஊர்ச் சாராயக் கடையை மூட வைத்தார்கள். 1992இல் அந்தத் தீ மாவட்டம் முழுவதும் பரவியது. 1993 அக்டோபரில் ஆந்திர அரசு சாராயத்தைத் தடை செய்தது. 1995இல் முழு மதுவிலக்கு வந்தது. 1997இல் அரசே அதைத் தளர்த்திவிட்டது. அந்தப் பெண்களின் வேலை பெரிய வேலை. ஆனால் கடை திறந்திருக்கும் ஊரில் குடிக்காமல் வாழ்வது எப்படி? அது இன்னொரு வேலை. அதைத்தான் இந்தக் கூட்டம் செய்கிறது.

இரண்டு குடிகாரர்கள் பேசினார்கள்

இந்தக் கூட்டத்தின் பெயர் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். சுருக்கமாக ஏ.ஏ. 'பெயர் சொல்லாத குடிநோயாளிகள்' என்று பொருள். இது தொடங்கிய கதை கேட்கத் தகுந்தது.

அமெரிக்காவில் பில் வில்சன் என்று ஒருவர். நியூயார்க்கில் பங்குச் சந்தையில் வேலை செய்தவர். நன்றாகச் சம்பாதித்தார். குடியில் எல்லாம் போயிற்று. பலமுறை ஆஸ்பத்திரியில் கிடந்தார். கடைசியில் 1934 டிசம்பரில் குடியை நிறுத்தினார்.

ஐந்து மாதம் கழிந்தது. 1935 மே மாதம் தொழில் விஷயமாக ஆக்ரன் என்ற ஊருக்குப் போனார். போன காரியம் தோற்றது. கையில் காசு இல்லை. தெரியாத ஊர். சனிக்கிழமை. ஓட்டல் கூடத்தில் தனியாக நிற்கிறார். ஒரு பக்கம் மதுக்கடை. உள்ளேயிருந்து சிரிப்பும் பேச்சும் கேட்கிறது. இன்னொரு பக்கம் டெலிபோன்.

கடைக்குள் போனால் தான் செத்தோம் என்று அவருக்குத் தெரிந்தது. அப்போது ஒரு எண்ணம் வந்தது. 'எனக்கு இப்போது இன்னொரு குடிகாரன் வேண்டும். அவனோடு பேசினால் நான் தப்பிப்பேன்.' ஓட்டலில் இருந்த பட்டியலைப் பார்த்து ஒரு பாதிரியாருக்குப் போன் செய்தார். அவர் மூலம் ஆள் மாறி ஆள் மாறி, கடைசியில் ஒரு பெண்மணி கிடைத்தார். அவருக்கு ஒரு டாக்டரைத் தெரியும். பாப் ஸ்மித். அறுவைச் சிகிச்சை செய்பவர். அவரும் பெருங்குடிகாரர்.

மறுநாள் இருவரும் சந்தித்தார்கள். டாக்டருக்கு விருப்பமே இல்லை. எத்தனையோ பேர் அவருக்குப் புத்தி சொல்லி ஓய்ந்துவிட்டார்கள். 'கால் மணி நேரம்தான் இருப்பேன்' என்று சொல்லிவிட்டு வந்தார். பல மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். ஏன் தெரியுமா? பில் புத்தி சொல்லவில்லை. தன் கதையைச் சொன்னார். தான் எப்படிப் பாட்டிலை ஒளித்து வைத்தேன், எப்படிப் பொய் சொன்னேன் என்று சொன்னார். டாக்டர் தன் கதையையே கேட்பதுபோல் கேட்டார்.

இதற்குப் பிறகும் டாக்டர் ஒருமுறை வழுக்கி விழுந்தார். பிறகு 1935 ஜூன் 10ஆம் தேதி கடைசியாகக் குடித்தார். அந்தத் தேதியைத்தான் ஏ.ஏ. பிறந்த நாளாகக் கொண்டாடுகிறார்கள். டாக்டர் 1950இல் இறந்தார். பில் 1971இல் இறந்தார். இருவரும் சாகும்வரை மறுபடி குடிக்கவில்லை.

இந்தியாவுக்கு இந்த இயக்கம் 1957இல் வந்தது. இன்று உலகில் ஏறக்குறைய 180 நாடுகளில் இருக்கிறது.

கூட்டத்தில் என்ன நடக்கும்?

பலருக்கு இதுதான் பயம். 'உள்ளே போனால் பெயர் எழுதுவார்களா? போட்டோ எடுப்பார்களா? மதம் மாற்றுவார்களா? காசு கேட்பார்களா?'

ஒவ்வொன்றாகப் பார்ப்போம். வருகைப் பதிவேடு கிடையாது. பெயரின் முன்பகுதி மட்டும் சொன்னால் போதும். சாதி, தொழில், சம்பளம் எதுவும் கேட்பதில்லை. இங்கே பார்த்ததை, கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்பது கட்டுப்பாடு. கட்டணம் இல்லை. நடுவில் ஒரு பையோ தட்டோ சுற்றி வரும். வாடகைக்கும் தேநீருக்கும் விருப்பம் உள்ளவர்கள் போடுவார்கள். இல்லாதவர் அடுத்தவரிடம் நகர்த்திவிடலாம். வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை.

பெரும்பாலும் மாதா கோயில் வளாகத்திலோ பள்ளிக்கூடத்திலோ ஓர் அறை எடுத்திருப்பார்கள். இடம் மாதா கோயிலாக இருப்பதால் அது கிறிஸ்தவக் கூட்டம் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி அல்ல. அது வாடகை இடம் மட்டும். கடவுளைப் பற்றிப் பேச்சு வரும். ஆனால் எந்தக் கடவுள் என்பது அவரவர் விருப்பம். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களும் வருகிறார்கள். சேர ஒரே தகுதி, குடியை நிறுத்தவேண்டும் என்ற விருப்பம்.

கூட்டம் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் நடக்கும். ஒருவர் எழுந்து பெயர் சொல்வார். "நான் ஒரு குடிநோயாளி" என்பார். தன் அனுபவத்தைச் சொல்வார். மற்றவர்கள் குறுக்கே பேசமாட்டார்கள். கேள்வி கேட்கமாட்டார்கள். அவர் முடித்ததும் அடுத்தவர். பேச விரும்பாதவர் சும்மா உட்கார்ந்து கேட்கலாம். முதல் பத்துக் கூட்டம் வாயே திறக்காதவர்களும் உண்டு.

'வாழ்நாள் முழுவதும் குடிக்கமாட்டேன்' என்று அங்கே சத்தியம் வாங்குவதில்லை. இன்று ஒரு நாள் குடிக்கவேண்டாம். நாளை வந்தால் நாளையைப் பார்த்துக்கொள்ளலாம். இதுதான் கணக்கு. கூலி வேலை செய்பவருக்கு இந்தக் கணக்கு நன்றாகப் புரியும்.

கொஞ்ச நாள் போனதும், பல வருடம் குடிக்காமல் இருக்கும் ஒருவரை வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாம். ஆசை தலைக்கேறும்போது அவருக்குப் போன் செய்யலாம். ராத்திரி பதினொரு மணிக்கு, "அண்ணே, கடை வாசலில் நிற்கிறேன்" என்று சொன்னால், "அங்கேயே நில்லு தம்பி, பேசிக்கிட்டே இரு, நான் வர்றேன்" என்று சொல்ல ஓர் ஆள். பில்லுக்கு ஓட்டல் கூடத்தில் கிடைத்தது இதுதான்.

இதில் பலன் உண்டா? 2020இல் மருத்துவ ஆய்வாளர்கள் 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். அவற்றில் 10,000 பேருக்கு மேல் கலந்துகொண்டிருந்தார்கள். குடியை முழுவதும் நிறுத்துவதில் இந்த வழி மற்றச் சிகிச்சைகளைவிடக் குறைந்தது அல்ல, பல சமயம் கூடுதல் பலன் தருகிறது என்று தெரிந்தது. எல்லோருக்கும் பலிக்கும் என்று யாரும் சொல்லவில்லை. டாக்டர் கொடுக்கும் மாத்திரையையும் விடவேண்டியதில்லை. இரண்டும் சேர்ந்து போகலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

பெங்களூரு பெரிய ஊர். ஏ.ஏ. கூட்டங்கள் ஊரின் பல பகுதிகளில், ஒவ்வொரு நாளும் ஏதாவது ஓரிடத்தில் நடக்கின்றன. ஆங்கிலம், கன்னடம், தமிழ் என்று மொழி மாறும். மொழி முக்கியம். பஸ்ஸில் கன்னடம் பேசிச் சமாளித்துவிடலாம். மனசில் உள்ளதைக் கொட்டத் தாய்மொழி வேண்டும்.

14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் இது. 2022 அக்டோபர் 10ஆம் தேதி தொடங்கியது. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். காசு இல்லை. நாடு முழுவதற்கும் இதன் தலைமை மையம் நிம்ஹான்ஸ்தான். தமிழ் வேண்டும் என்று கேட்டால் தமிழில் பேசுவார்கள். குடி, போதைக்கு என்றே மத்திய அரசின் இன்னொரு எண் 14446. அதுவும் இலவசம்.

நிம்ஹான்ஸில் சிகிச்சை பெறுகிறவர் அங்குள்ள சமூகப் பணியாளரைக் கேட்கலாம். வீட்டுக்குப் பக்கத்தில் எங்கே கூட்டம் என்று கேட்டு எழுதித் தரச் சொல்லலாம். ஏ.ஏ.வுக்கும் தனியாகப் போன் எண்களும் கூட்டங்களின் பட்டியலும் உண்டு. செல்போன் பார்க்கத் தெரிந்த மகனோ மகளோ தேடித் தருவார்கள்.

போனில் பேசும்போது தயங்கவேண்டாம். "ஐயா, நாங்க சிவாஜிநகர். தமிழ்க் கூட்டம் எங்கே, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு? எந்த பஸ்ஸில் வரணும்? முதல் தடவை வர்றோம், யாராவது வாசலில் நிற்பாங்களா?" என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி முக்கியம். வாசல் வரை வந்து திரும்பிப் போனவர்கள் நிறைய. குடிக்கும் பெண்களுக்கு இந்த வெட்கம் இரண்டு மடங்கு. பெண்கள் வரும் கூட்டம் எது என்று அவர்கள் முதலிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

கூட்டம் இரண்டு வகை. மூடிய கூட்டம் என்றால் குடிநோயாளிகள் மட்டும். திறந்த கூட்டம் என்றால் மனைவி, அண்ணன், நண்பர் யாரும் போகலாம். முதல் முறை திறந்த கூட்டத்துக்குத் துணையோடு போவது எளிது. ஒரு குழு பிடிக்காவிட்டால் இன்னொரு குழுவுக்குப் போகலாம். ஒரு தடவை போய்விட்டு 'சரியில்லை' என்று விட்டுவிடுவது, ஒரு மாத்திரை போட்டுவிட்டுக் காய்ச்சல் விடவில்லை என்பது போல.

ஏ.ஏ. மட்டுமே வழி அல்ல. கர்நாடகக் கிராமங்களில் தர்மஸ்தலாவின் கிராம வளர்ச்சித் திட்டத்தார் குடி நிறுத்தும் முகாம் நடத்துகிறார்கள். முகாம் சுமார் ஒரு வாரம். முடிந்தவர்கள் 'நவஜீவன சமிதி' என்ற குழுவாகத் தொடர்ந்து கூடுகிறார்கள். தமிழ்நாட்டில் சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் டி.டி.கே. ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். அவர்கள் 1989இல் மஞ்சக்குடி கிராமத்தில் ஊர்மக்கள் துணையோடு முகாம் போட்டார்கள். ஊரே சேர்ந்து நின்றால் சிகிச்சை கிராமத்துக்கும் வரும் என்று காட்டினார்கள்.

ஆனால் 'மறுவாழ்வு இல்லம்' என்று பலகை மாட்டிய இடமெல்லாம் நல்ல இடம் அல்ல. சிலர் அடைத்து வைத்து அடிக்கிறார்கள். பணம் கறக்கிறார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டப்படி நோயாளியைச் சங்கிலியால் கட்டக்கூடாது. இல்லம் அரசிடம் பதிவு செய்திருக்கவேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். டாக்டர் எப்போது வருவார், வீட்டார் எப்போது பார்க்கலாம் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் வெளியே வந்துவிடுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

பில் வில்சனின் மனைவி லோயிஸ். கணவர்கள் ஓர் அறையில் கூடிப் பேசும்போது, மனைவிமார் சமையலறையில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களும் பேசத் தொடங்கினார்கள். கடன், அடி, அவமானம், கோபம். அவர்களுக்கும் ஒரு கூட்டம் தேவை என்று புரிந்தது. 1951இல் அல்-அனான் என்ற அமைப்பு உருவானது. குடிப்பவர் வர மறுத்தாலும் அவருடைய மனைவியோ, தாயோ, பிள்ளைகளோ இதற்குப் போகலாம்.

அங்கே ஒரு விஷயம் முதலில் புரியும். அவர் குடிப்பதற்கு நீங்கள் காரணம் அல்ல. "குழம்பில் உப்பில்லை, அதனால் குடித்தேன்" என்பதெல்லாம் சாக்கு. அவருக்காகக் கடன் அடைப்பதும், மேஸ்திரியிடம் "அவருக்குக் காய்ச்சல்" என்று பொய் சொல்வதும் அவரைக் காப்பாற்றுவதில்லை. குடியைத்தான் காப்பாற்றுகிறது. அடி விழுந்தால் பொறுத்துக்கொள்ளவேண்டும் என்றும் இல்லை. 112க்குப் போன் செய்தால் போலீஸ் வரும்.

சில பெண்கள் யாரோ விற்கும் பொடியை வாங்கிச் சாம்பாரில் கலந்து கொடுக்கிறார்கள். 'தெரியாமல் கொடுத்தால் குடி நிற்கும்' என்று விளம்பரம் வருகிறது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். குடித்தால் உடம்புக்கு ஒவ்வாதபடி செய்யும் மாத்திரை ஒன்று உண்மையில் உண்டு. பெயர் டைசல்ஃபிராம். அதைத் தின்றுவிட்டுக் குடித்தால் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் இறங்கும். உயிரே போகலாம். நோயாளிக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, டாக்டர் பார்த்துக் கொடுக்கவேண்டிய மருந்து அது.

மறுபடி குடித்துவிட்டால்?

குடிப்பார். பலர் குடிக்கிறார்கள். ஏ.ஏ.வைத் தொடங்கிய டாக்டரே அப்படி ஒருமுறை குடித்தவர்தான். சர்க்கரை நோய்க்காரர் கல்யாண வீட்டில் லட்டு தின்றுவிட்டால் மருந்தை விட்டுவிடுகிறாரா? மறுபடி கூட்டத்துக்குப் போகவேண்டும். அங்கே யாரும் திட்டமாட்டார்கள். நாள் கணக்கு ஒன்றிலிருந்து தொடங்கும், அவ்வளவுதான். பல நாள் தொடர்ந்து குடித்திருந்தால் மட்டும், முன்பு சொன்னதுபோல் டாக்டரைப் பார்த்துவிட்டு நிறுத்தவேண்டும்.

எந்த நாளில் வழுக்கும் என்று முன்பே ஊகிக்கலாம். சம்பள நாள். சாவு வீடு. காங்கிரீட் போட்டு முடித்த இரவு. பெங்களூருத் தமிழர்களுக்கு இன்னொன்றும் உண்டு: சொந்த ஊர்த் திருவிழா. மாமன் மச்சான் எல்லோரும் கூடுவார்கள். "பெங்களூரில் என்ன சாமியார் ஆயிட்டியா மச்சான்?" என்று கிளாஸை நீட்டுவார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி, வேலூர்ப் பக்கம் போகிறவர்கள் கிளம்பும் முன்பே, ஊருக்குப் பக்கத்தில் எங்கே கூட்டம் நடக்கிறது என்று தங்கள் குழுவில் கேட்டுக்கொள்ளலாம். இடம், கிழமை, நேரம், வழிகாட்டியின் போன் எண். இந்த நான்கையும் ஒரு துண்டுத் தாளில் தன் கையாலேயே எழுதி, பஸ் டிக்கெட்டோடு சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம்.